வெள்ளாட்டின் வளர்ச்சியும் மரபு வேறுபாடும்

(கால்நடைத்துறை அலுவலர்க்கும் மாணவர்க்கும் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

பக்ரீத் பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் உத்தரப் பிரதேசத்திலும் இராஜஸ்தானத்திலும் கூடும் ஆட்டுச் சந்தைகள் ஒரு கண்காட்சியைப் போன்றவை. ஓங்கிய உயரமும் அகன்ற மார்பும் பளபளக்கும் மயிரும் கொண்ட கிடாக்கள் அங்கு வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். சாதாரண நாளில் கசாப்புக் கடைக்குச் செல்லும் ஆட்டின் விலையைப் போல் பன்மடங்கு விலை இவற்றுக்குக் கிடைப்பதுண்டு. சந்தைக்கு வருவோர் கண்ணில் படுவது கிடாக்களின் அழகு. கால்நடைத்துறை அலுவலர் கண்ணில் படவேண்டியதோ வேறொன்று. சுற்றுவட்டாரத்து ஊர்களில் பிறந்த ஆண் குட்டிகளுள் வேகமாக வளர்ந்தவை எவையோ, அவையே அங்கு நிற்கின்றன. அவற்றுள் பல, ஒரு குட்டிக்கேனும் தந்தையாகாமல் மறைகின்றன.

அப்படியானால் ஊரில் எஞ்சுவது எது? தரகர் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டுச் சென்ற கிடா. அடுத்த ஆண்டு அவ்வூரில் பிறக்கும் குட்டிகளுக்கு அதுவே தந்தை. வெள்ளாட்டின் வளர்ச்சிக்கும் மரபணுக்களுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய எந்த ஆராய்ச்சியும் இந்த எளிய உண்மையின் முன் நின்று பதில் சொல்லியாக வேண்டும்.

நாட்டில் 1951ஆம் ஆண்டு எடுக்கப்பெற்ற கால்நடைக் கணக்கில் வெள்ளாடுகளின் தொகை சுமார் 4 கோடியே 72 இலட்சம். 2019இல் எடுக்கப்பெற்ற இருபதாவது கணக்கின்படி அது 14 கோடியே 89 இலட்சத்தை எட்டியது. இராஜஸ்தானம், மேற்கு வங்காளம், உத்தரப் பிரதேசம் ஆகியவை அக்கணக்கில் முன்னணியில் நின்ற மாநிலங்கள். தொகை மும்மடங்கிற்கு மேல் பெருகியிருக்க, ஓர் ஆட்டின் எடை அந்த அளவில் பெருகவில்லை என்பதை எவரும் மறுப்பதில்லை. இதற்குத் தீவனக் குறைவும் மேய்ச்சல் நிலம் சுருங்கியதும் நோயும் காரணங்கள். ஆயினும் அவை மட்டுமே காரணங்கள் அல்ல. நிலமற்ற உழவுத் தொழிலாளியின் குடும்பத்திற்கு இரண்டு மூன்று ஆடுகளே வங்கிக் கணக்கு. மகள் திருமணத்திற்கோ மருத்துவச் செலவிற்கோ கையில் பணம் வேண்டும்போது முதலில் விலைபோவது எடைமிக்க கிடாக்குட்டிதான். அதனை விற்றவரைக் குறைகூற இயலாது. அந்த விற்பனையால் மந்தை இழப்பது என்ன என்பதைக் கணக்கிட்டுக் காட்டவேண்டிய பொறுப்பு துறையைச் சேர்ந்தது.

மரபு வேறுபாடு எங்கே இருக்கிறது?

வெள்ளாடு ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மேற்காசிய மலைப்பகுதிகளில் காட்டாட்டிலிருந்து பழக்கப்படுத்தப்பட்ட விலங்கு. மனிதன் இடம்பெயர்ந்தபோதெல்லாம் அதனையும் ஓட்டிச் சென்றான். மாட்டைவிட எளிதாகப் பாலைவனத்தையும் மலைக்கணவாயையும் கடக்கக் கூடியது அது. இதனால் கண்டங்களுக்கிடையே வெள்ளாட்டின் மரபு பெரிதும் கலந்துபோயிற்று எனத் தாய்வழி மரபுப் பொருளைக் கொண்டு 2001ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இந்தியாவில் பதிவுபெற்ற வெள்ளாட்டினங்கள் முப்பதுக்கும் மேற்பட்டவை. 1984இல் நிறுவப்பெற்றதும் கர்னாலில் உள்ளதுமான தேசிய விலங்கு மரபு வளங்கள் அமைப்பு இவற்றின் பதிவை மேற்கொண்டு வருகிறது. தமிழ்நாட்டின் கன்னி ஆடு, கொடி ஆடு, சேலம் கருப்பு ஆகியவையும் இப்பட்டியலில் இடம் பெற்றவை. இனங்களுக்கிடையே உள்ள வேறுபாடு எவர் கண்ணுக்கும் தெரியும். யமுனைக்கும் சம்பலுக்கும் இடைப்பட்ட இட்டாவா மாவட்டத்துச் சக்கர்நகர்ப் பள்ளத்தாக்குகளின் ஜமுனாபாரி, கிளிமூக்கு போல் வளைந்த முகமும் தொங்கும் நீண்ட காதும் பின்தொடையில் அடர்ந்த மயிரும் கொண்டது. வளர்ந்த கிடா சுமார் 45 கிலோ எடை நிற்கும். பிறக்கும்போதே குட்டி 3 கிலோவை ஒட்டியிருக்கும். வங்காளத்தின் கருப்பாடோ 20 கிலோ எடையுள்ள தாய். ஒன்றேகால் கிலோ எடையில் குட்டி. ஆக்ரா, மதுரா, எட்டா வட்டாரங்களின் பர்பரி இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. வெள்ளை உடலில் பழுப்புப் புள்ளிகளும் நிமிர்ந்த சிறு காதுகளும் கொண்ட இவ்வாடு, மேய்ச்சல் இல்லாத நகரத்துச் சந்துகளிலும் கொட்டிலில் நின்றே வளரும்.

கண்ணுக்குத் தெரியும் இவ்வேறுபாடுகளே முழு உண்மை என எண்ணுவது தவறு. மரபுக் குறியீடுகளைக் கொண்டு இந்திய இனங்களை ஒப்பிட்ட ஆய்வுகள் அனைத்தும் ஒரே முடிவைச் சுட்டுகின்றன. மொத்த மரபு வேறுபாட்டின் மிகப் பெரும் பகுதி இனத்திற்கும் இனத்திற்கும் இடையே அன்று, ஒவ்வோர் இனத்தின் உள்ளேயே அடங்கியுள்ளது. அதாவது, ஒரே ஊரில் ஒரே நிறத்தில் ஒரே கொட்டிலில் நிற்கும் இருபது ஆடுகளுக்குள் இருக்கும் வேறுபாடு அலுவலர்கள் கருதுவதைவிட மிகப் பெரியது. நல்ல கிடாவைத் தேடி அடுத்த மாநிலத்திற்குச் செல்வதற்கு முன், அடுத்த தெருவில் தேடலாம் என்பது இதன் நடைமுறைப் பொருள்.

வளர்ச்சியை ஆளும் மரபணுக்கள்

வெள்ளாட்டின் உயிரணு ஒவ்வொன்றிலும் 60 குரோமோசோம்கள், முப்பது இணைகளாக அமைந்துள்ளன. ஓர் இணையில் ஒன்று தாயினுடையது, மற்றொன்று தந்தையினுடையது. குரோமோசோம்களில் நீண்டு கிடக்கும் டி.என்.ஏ. இழையை ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட ஒரு நூலாகக் கொண்டால், அதில் இலட்சக்கணக்கான இடங்களில் ஆட்டுக்கு ஆடு ஓர் எழுத்து வேறுபடும். அவற்றுள் பெரும்பாலானவை எவ்வித விளைவும் இல்லாதவை. சிற்சில இடங்களில் எழுத்து மாறும்போது, உடலில் சுரக்கும் ஒரு பொருளின் அளவோ அமைப்போ மாறுகிறது.

வளர்ச்சியைப் பொறுத்தவரை, முதலில் ஆராயப்பெற்றது வளர்ச்சி ஹார்மோனின் மரபணு. வெள்ளாட்டில் இது 19ஆவது குரோமோசோமில் உள்ளது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, 191 அமினோ அமிலங்களால் ஆன இந்த ஹார்மோனைக் குருதியில் கலக்கிறது. அது கல்லீரலை அடைந்து, இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணி என்னும் மற்றொரு பொருளைச் சுரக்கச் செய்கிறது. எலும்பின் நுனிகள் நீளுவதும் தசை நார்கள் பெருகுவதும் பெருமளவு இவ்விரண்டின் கூட்டு வேலை. வெள்ளாட்டில் ஒரு வியப்பு உண்டு. சில ஆடுகளின் குரோமோசோமில் இம்மரபணு ஒரே பிரதியாகவும், வேறு சிலவற்றில் அடுத்தடுத்து இரு பிரதிகளாகவும் காணப்படுகிறது. இயற்கை ஒரு சொல்லை இருமுறை எழுதிவிட்டு அழிக்காமல் விட்டது போன்றது இது.

தசை அளவுக்கு மீறிப் பெருகாதபடி கடிவாளம் இடுவது மயோஸ்டாட்டின். இதன் பணி 1997இல் எலிகளில் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில், பெல்ஜிய நீல மாடுகளின் திரண்ட தசைக்கு இக்கடிவாளம் அறுந்திருப்பதே காரணம் என்பதும் வெளிப்பட்டது. பசியையும் கொழுப்புச் சேமிப்பையும் சீர்செய்வது லெப்டின். இவற்றின் மரபணுக்கள் ஒவ்வொன்றிலும் உள்ள எழுத்து மாற்றங்களை இந்திய ஆடுகளில் தேடி, எந்த வடிவம் உள்ள குட்டி மூன்று மாதத்தில், ஆறு மாதத்தில், ஓராண்டில் எவ்வளவு எடை நின்றது என ஒப்பிடும் ஆய்வுகள் கால்நடைக் கல்லூரிகள் பலவற்றில் நடைபெற்றுள்ளன. முதுகலை மாணவர்கள் விரும்பி எடுக்கும் பொருள் இது. செலவு குறைவு; ஈராண்டில் முடிந்துவிடும்.

இவ்வாய்வுகளின் பயனைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆயினும் இவற்றைப் படிப்போர் சற்று எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். ஐம்பது அறுபது குட்டிகளை மட்டும் எடைபோட்டு, ஒரு மரபணு வடிவத்திற்கும் எடைக்கும் தொடர்பு உண்டு எனக் காணும் முடிவு, வேறொரு பண்ணையில் மீண்டும் தோன்றாமல் போவது அடிக்கடி நிகழ்வது. காரணம் எளியது. அந்த ஐம்பது குட்டிகள் இரண்டு மூன்று கிடாக்களின் மக்களாக இருந்தால், உயர்ந்த எடைக்குக் காரணம் ஆராய்ந்த மரபணுவா, அக்கிடாவிடமிருந்து வந்த மற்ற ஆயிரம் மரபணுக்களா என்பதைப் பிரித்தறிய வழியில்லை.

வளர்ச்சி என்பது ஒரு மரபணுவின் விளையாட்டன்று. மெண்டலின் விதிகள் 1900இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டபோது, நெட்டை, குட்டை என இரண்டாகப் பிரியும் பட்டாணிச் செடியின் விதி, சிறிது சிறிதாக ஏறி இறங்கும் உடல் எடைக்கு எவ்வாறு பொருந்தும் என்ற ஐயம் எழுந்தது. எண்ணற்ற மரபணுக்கள் ஒவ்வொன்றும் மிகச் சிறிதளவு பங்களித்தால் எடை இவ்வாறே பரவும் எனக் கணித முறையில் 1918இல் காட்டியவர் ரொனால்டு ஃபிஷர். ஒரு நூற்றாண்டு கழிந்து, 2022ஆம் ஆண்டில், 54 இலட்சம் மக்களின் மரபுத் தகவல்களை ஆராய்ந்தவர்கள், மனிதனின் உயரத்தோடு தொடர்புடைய எழுத்து மாற்றங்கள் 12,000க்கும் மேற்பட்டவை எனக் கண்டனர். ஆட்டின் எடை மட்டும் ஒரே மரபணுவுக்குக் கட்டுப்படும் என எதிர்பார்ப்பது எவ்வாறு?

மேலும், ஒரு மரபணு ஒரே வேலையைச் செய்வதோடு நிற்பதில்லை. ஐரோப்பாவில் கொம்பில்லா ஆடுகள் பராமரிக்க எளியவை எனக் கருதி, அத்தகைய ஆடுகளையே இணைசேர்த்த பண்ணையாளர்கள் ஒரு விந்தையைக் கண்டனர். பெட்டையாகப் பிறக்கவேண்டிய குட்டிகளுள் சில, ஆணுமின்றிப் பெண்ணுமின்றி மலடாயின. கொம்பை இல்லாமற் செய்யும் அதே டி.என்.ஏ. இழப்பு, இரு பெற்றோரிடமிருந்தும் வந்து சேரும்போது பெட்டையின் கருப்பை முட்டை வளர்ச்சியையும் கெடுத்துவிடுகிறது என்பது 2001இல் தெளிவாயிற்று. பெல்ஜிய நீல மாட்டின் திரண்ட தசைக்கும் ஒரு விலை உண்டு. அதன் கன்றுகள் பெரும்பாலும் வயிற்றைக் கிழித்தே எடுக்கப்படுகின்றன. சீனாவில் வெள்ளாடுகளிலும், காஷ்மீர வேளாண் பல்கலைக்கழகத்தில் செம்மறியாட்டிலும் மயோஸ்டாட்டின் மரபணு திருத்தியமைக்கப்பட்டுள்ளது. காஷ்மீரக் குட்டியைப் பற்றிய செய்தி 2025 மே மாதத்தில் வெளியாயிற்று. ஆய்வுக்கூடத்தின் சாதனை என்ற அளவில் இவை பாராட்டத்தக்கவை. மருத்துவரில்லாத ஊரில் நள்ளிரவில் ஈனும் ஆட்டுக்கு அவை பொருந்துமா என்பது வேறு கேள்வி.

தெரிவின் கணக்கு

மரபணு ஒவ்வொன்றையும் அறியாமலே, அவற்றின் மொத்த விளைவைக் கணக்கிட ஒரு வழி உண்டு. மந்தையில் காணும் எடை வேறுபாட்டில், பெற்றோர் வழியாகக் குட்டிகளுக்குச் சென்று சேரக்கூடிய பங்கு எவ்வளவு என்பதை மரபுவழிப் பேறு என்பர். இந்திய ஆடுகளில் ஆறு மாத எடைக்கும் ஓராண்டு எடைக்கும் இது பெரும்பாலும் 0.2 முதல் 0.4 வரை கணிக்கப்படுகிறது. அதாவது வேறுபாட்டில் பாதிக்கும் மேற்பட்டது தீவனம், பருவம், தாயின் பால், நோய் முதலியவற்றால் விளைவது. எனினும் மீதமுள்ள பங்கு சிறிதன்று.

ஒரு கற்பனைக் கணக்கு இதனை விளக்கும். ஓர் ஊரில் கிடாக்குட்டிகளின் ஆறு மாதச் சராசரி எடை 12 கிலோ எனக் கொள்க. அவற்றுள் 16 கிலோ நிற்கும் குட்டிகளை மட்டும் பொலிகிடாவாக விட்டால், தெரிந்தெடுத்தவற்றின் மேம்பாடு 4 கிலோ. பெட்டைகளில் தெரிவு எதுவும் இல்லையெனின், குட்டிக்குத் தந்தையின் பங்கு பாதியே ஆதலின் இது 2 கிலோ ஆகும். மரபுவழிப் பேறு 0.3 எனில், அடுத்த தலைமுறையின் சராசரி 600 கிராம் கூடும். இனி, பக்கத்து ஊரில் தரகர் நல்லனவற்றை எல்லாம் கொண்டுசென்றபின் எஞ்சிய 10 கிலோ கிடா பொலிகிடாவாக நிற்கிறது எனக் கொள்க. அங்கு அடுத்த தலைமுறை 300 கிராம் குறையும். ஒரே தலைமுறையில் இரண்டு ஊர்களுக்கும் இடையே 900 கிராம் வேற்றுமை! வெள்ளாட்டின் சினைக்காலம் ஐந்து மாதமே. தலைமுறைகள் விரைந்து உருளும். தெரிவு என்பது துறையின் திட்டம் தொடங்கிய நாளில் தொடங்குவதன்று. அது ஒவ்வொரு சந்தை நாளிலும் நடந்துகொண்டே இருக்கிறது, எதிர்த்திசையில்.

எடையைக் கொண்டு தெரிவு செய்வதிலும் ஒரு கண்ணி உண்டு. அதில் அனுபவமிக்க அலுவலர்களும் சிக்கியிருக்கின்றனர். இரட்டைக் குட்டிகள் தாயின் வயிற்றில் இடத்தையும், பிறந்தபின் மடியின் பாலையும் பங்கிட்டுக்கொள்பவை. ஆகவே ஒற்றையாய்ப் பிறந்த குட்டி மூன்று மாதத்தில் அவற்றைவிடப் பெரிதாய் நிற்பது இயல்பு. ஊரில் உள்ள குட்டிகளை வரிசையாக நிறுத்தி, பெரியதைப் பொறுக்கினால், பொறுக்கப்படுபவை பெரும்பாலும் ஒற்றைக் குட்டிகளே. அவற்றின் தாய்மார் இரட்டை ஈனாதவர்கள். இவ்வாறு நான்கைந்து தலைமுறை சென்றால், எடையைக் கூட்டப் புறப்பட்டவர் இரட்டை ஈற்றை இழந்து நிற்பார். பிறப்பு வகை, பிறந்த பருவம், தாயின் ஈற்று எண்ணிக்கை ஆகியவற்றுக்கு ஏற்ப எடையைத் திருத்திய பின்னரே குட்டிகளை ஒப்பிட வேண்டும். அதனினும் நன்று, ஒரு தாய் ஓராண்டில் பால் மறக்கச் செய்து தந்த குட்டிகளின் மொத்த எடையைக் கணக்கில் கொள்வது.

வங்காளக் கருப்பாட்டின் சிறப்பு இக்கணக்கில்தான் விளங்கும். ஈராண்டில் மும்முறை ஈனும். இரட்டை சாதாரணம், மூன்று குட்டிகளும் உண்டு. 20 கிலோ எடையுள்ள தாய், சராசரியாக ஆண்டுக்கு மூன்று குட்டிகளைத் தருகிறது. ஜமுனாபாரியோ பெரும்பாலும் ஆண்டுக்கு ஓர் ஈற்று, பல வேளைகளில் ஒரே குட்டி. தனிக் குட்டியின் எடையைப் பார்ப்பவருக்கு ஜமுனாபாரி உயர்ந்தது. ஒரு குடும்பம் தன் வீட்டுக் கூரையடியில் கட்டி, வரப்புப் புல்லையும் பலாயிலையையும் போட்டு ஓராண்டில் பெறும் வருவாயைப் பார்ப்பவர் அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்லமாட்டார். கருப்பாட்டின் தோல் உலகச் சந்தையில் பெயர்பெற்றது என்பதும் கணக்கில் சேரவேண்டும்.

ஆயினும் சிற்றாட்டைப் பேராடாக்கும் ஆசை திட்டம் வகுப்போரை எளிதில் விடுவதில்லை. வெள்ளாட்டுக்கான அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் 1971இல் தொடங்கியபோது, கலப்பினப் பெருக்கமே பெரிதும் நம்பப்பட்டது. கர்னாலில் பீட்டலும், கேரளத்தின் மண்ணுத்தியில் மலபாரியும், ஆல்பைன், சானன் ஆகிய ஐரோப்பியக் கிடாக்களுடன் இணைசேர்க்கப்பட்டன. பண்ணையில் பாலும் எடையும் கூடின. பண்ணையின் தீவனமும் கொட்டிலும் மருத்துவரும் இல்லாத இடத்தில் அந்த மேம்பாடு அவ்வாறே நிலைத்ததா என்பதே பிற்காலத்தில் எழுந்த கேள்வி. காலப்போக்கில் இத்திட்டத்தின் நோக்கு, உள்நாட்டு இனங்களை அவற்றின் சொந்த மண்ணிலேயே தெரிவின் வழியாக மேம்படுத்துவதை நாடித் திரும்பியது. மதுராவை அடுத்த மக்தூமில் 1979இல் நிறுவப்பெற்ற மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிலையம், ஜமுனாபாரி, பர்பரி ஆகியவற்றின் மந்தைகளைத் தலைமுறை தலைமுறையாகப் பதிவேடு வைத்துப் பேணி வருகிறது. அங்கு எழுதப்படும் எடைக் கணக்குகளே நாட்டின் பல மரபியல் ஆய்வுகளுக்கு அடிமணை.

இனத்தைக் காப்பதற்கும் மேம்படுத்துவதற்கும் இடையே உள்ள உறவுக்கு ஜமுனாபாரியே சான்று. அக்காலத்து டச்சு ஆட்சியில் ஜாவாவுக்குச் சென்ற இவ்வாட்டின் வழித்தோன்றல்கள், இன்றும் இந்தோனேசியாவில் இட்டாவாவின் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. இங்கிலாந்தின் ஆங்கிலோ நுபியன் இனத்திலும் இதன் குருதி உண்டு. எங்கும் கலப்புக்கு வேண்டப்பட்ட இந்த ஆடு, தன் பள்ளத்தாக்கிற்கு வெளியே தூய வடிவில் காண்பதற்கு அரிதாயிற்று. முட்புதர்களின் உயர்ந்த கிளைகளை எட்டிக் கடிக்கும் நீண்ட கால்களும் கழுத்தும் அந்நிலம் அதற்குக் கொடுத்தவை. அப்புதர்கள் இல்லாத ஈரப்பாங்கான நிலத்தில் அதே மரபணுக்கள் அதே எடையைத் தருவதில்லை.

பொலிகிடாவின் பாடு

அண்மைக் காலக் கருவிகளைக் குறித்தும் சில சொற்கள் தேவை. வெள்ளாட்டின் முழு மரபு வரைவு சீனத்து ஆடு ஒன்றைக் கொண்டு 2013இல் வெளியானது. 2017இல் அதனினும் திருத்தமான வரைவு கிடைத்தது. 50,000க்கும் மேற்பட்ட எழுத்து மாற்றங்களை ஒரே வேளையில் படித்தறியும் சில்லுகள் 2014 முதல் வழக்கில் உள்ளன. குட்டியின் காதிலிருந்து சிறு துணுக்கு எடுத்து, அது வளர்ந்தால் எவ்வாறு இருக்கும் என்பதைப் பிறந்த வாரத்திலேயே மதிப்பிடுவது கோட்பாட்டளவில் இயலும். ஆனால் சில்லு தானே எடையை அறியாது. எந்த எழுத்து எவ்வளவு எடையோடு தொடர்புடையது என்பதை அதற்குக் கற்பிக்க, எடையும் தாய் தந்தையும் பதிவு செய்யப்பட்ட ஆயிரக்கணக்கான ஆடுகள் முதலில் வேண்டும். ஆய்வுக்கூடத்தின் விலையுயர்ந்த பொறி, இறுதியில் ஊர்க்கொட்டிலில் தொங்கும் வில்தராசை நம்பியிருக்கிறது.

ஊர் மந்தையில் தந்தை யார் என்பதே தெரியாமலிருப்பது முதல் இடர். மேய்ச்சலில் எல்லாக் கிடாக்களும் ஒன்றாகத் திரியும். இரண்டாவது இடர், ஒரே கிடா நெடுங்காலம் நிற்பது. இருபது முப்பது பெட்டைகளுக்கு ஒரு பொலிகிடா என்பது வழக்கமான அளவு. ஈராண்டு கடந்தும் அக்கிடா அங்கேயே நின்றால் தன் மகள்களோடு சேரும். அச்சேர்க்கையில் பிறக்கும் குட்டியின் மரபணு இணைகளில் நூற்றுக்கு இருபத்தைந்து, ஒரே மூதாதையின் ஒரே பிரதியாக அமைய வாய்ப்புண்டு. பிறப்பு எடை குறைவதும் குட்டிகள் இறப்பதும் சினை தங்காமையும் இதன் விளைவுகள். ஊரார் இதனை மேய்ச்சல் பஞ்சத்தின் மேலோ தெய்வக் குற்றத்தின் மேலோ ஏற்றிச் சொல்வர். அடுத்த ஊரோடு கிடாவை மாற்றிக் கொள்வதற்குப் பணச் செலவு எதுவும் இல்லை.

தேசியக் கால்நடை இயக்கத்தின் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 500 பெட்டைகளும் 25 கிடாக்களும் கொண்ட பெருக்கப் பண்ணை அமைப்பவருக்கு முதலீட்டில் பாதி, 50 இலட்சம் ரூபாய் வரம்பிற்குள், மானியமாக வழங்க வழிசெய்யப்பட்டது. 500 பெட்டைகளை வாங்கிவிடலாம். அந்த 25 கிடாக்கள் எங்கிருந்து வரும்? சந்தையிலிருந்து வருமானால் அவற்றின் தாய் எத்தனை குட்டி ஈன்றது, எத்தனை மாதத்தில் என்ன எடை நின்றது என்பதைச் சொல்ல எவரும் இல்லை. உயரத்தையும் காது நீளத்தையும் பார்த்து வாங்குவதைத் தவிர வேறு வழியிருக்காது. காது நீளத்திற்கும் எடைக்கும் உள்ள தொடர்பு, வாங்குபவரின் நம்பிக்கையில் உள்ள அளவு ஆட்டின் உடலில் இல்லை.

ஆகவே ஊரிலேயே பிறந்த நல்ல கிடாக்குட்டியை ஊரிலேயே நிறுத்துவது எப்படி என்பதில்தான் மரபியலும் நிர்வாகமும் சந்திக்கின்றன. குட்டியை வைத்திருப்பவர் தனி ஒருவர். அதனால் பயன்பெறுவது ஊர் முழுவதும். தம் குட்டியை விற்காமல் ஓராண்டு தீவனம் போட்டு வளர்ப்பவருக்குச் சந்தை விலைக்கும் பராமரிப்புக்கும் ஈடாக ஏதேனும் கிடைத்தாலன்றி அவர் அதனைச் செய்யமாட்டார். செய்யவேண்டும் என எதிர்பார்ப்பதும் நியாயமன்று. இணைசேர்ப்பு ஒன்றுக்கு இவ்வளவு எனப் பெட்டை உடையவர்களிடம் பெறும் கட்டணம் ஒரு வழி. துறையோ மகளிர் குழுவோ குட்டியை மூன்று மாதத்திலேயே விலைபேசி முன்பணம் கொடுத்து, அவரிடமே வளர்க்க விடுவது மற்றொரு வழி. ஈராண்டு பணி முடிந்தபின் அக்கிடாவைப் பக்ரீத் சந்தையில் விற்றுக்கொள்ளும் உரிமை அவருக்கே இருக்கலாம். வளர்ந்த கிடாவுக்கு அங்கு விலை குறைவதில்லை. இதனோடு, தெரிவில் சேராத கிடாக்குட்டிகளை மூன்று மாதம் முடிவதற்குள் காயடித்து விடுவது இன்றியமையாதது. கிடாக்குட்டிகள் நான்கைந்து மாதத்திலேயே சினைப்படுத்தும் ஆற்றல் பெற்றுவிடுகின்றன. தெரிந்தெடுத்த கிடா பருவத்திற்கு வரும் முன்பே, வேண்டாத குட்டி மந்தையில் தன் வேலையை முடித்திருக்கும்.

காலம் இங்குக் குறுகியது. ஆறாம் மாதத்தில் தரகர் வாசலில் நிற்பார். எனவே எடைபோடும் அலுவலர் மூன்றாம் மாத முடிவில் அங்குச் சென்றிருக்க வேண்டும். அந்நாளில் அவர் கையில் ஒரு வில்தராசும், குட்டியைத் தூக்கிக் கட்ட ஒரு சாக்கும், ஒரு குறிப்பேடும் போதும். ஆடுமாடுகளுக்கு 12 இலக்க எண் பொறித்த காதுவில்லை பூட்டும் ஏற்பாடு பிற்காலத்தில் வந்துள்ளமையால், குட்டியை அடையாளம் காண்பதில் முன்பிருந்த குழப்பம் குறைந்துள்ளது. குறிப்பேட்டில் பிறந்த நாள், ஒற்றையா இரட்டையா என்பது, தாயின் எண், தாயின் ஈற்று, எடை ஆகியவை ஆட்டுக்குரியவரைக் கேட்டு எழுதக் கூடியவை. தந்தையின் எண்ணுக்குரிய கட்டம் மட்டும் பெரும்பாலான ஊர்களில் வெறுமையாகவே நிற்கும். அதனை நிரப்ப, எட்டு மாதங்களுக்கு முன்பே அவ்வூரில் எந்தக் கிடா எந்த மந்தையோடு மேய்ந்தது என்பதை எவரேனும் குறித்து வைத்திருக்க வேண்டும்.